மோட்டார் போய்டுச்சு சார்

கார்க் கண்ணாடி ஏறவில்லை, இறங்கவில்லை என்று யார் வந்து நின்றாலும் என் வாயில் முதலில் வரும் வாக்கியம் அது. சுவிட்சை நாலு தடவை அழுத்துவேன், காதைக் கதவோரம் கொண்டுபோவேன், உதட்டைப் பிதுக்குவேன். அதெல்லாம் பக்கத்தில் நிற்பவருக்காக. அவர் வண்டியை நிறுத்தும்போதே நான் தீர்ப்பு எழுதி முடித்திருப்பேன்.

தென்சென்னையில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் கார் எலக்ட்ரீஷியன் நான். ஐடிஐ முடித்து, ராயப்பேட்டையில் ஒரு பெரியவரிடம் கைவேலை கற்றவன். வயரிங் படம் படிக்கத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை என்பதற்காகத்தான் இந்த விவரங்களைச் சொல்கிறேன்.

தெரிந்தேதான் செய்தேன். கழற்றிய மோட்டாரைச் சாயங்காலம், வண்டிக்காரர் பணம் கொடுத்துவிட்டுப் போன பிறகு, மேசைக்கு அடியில் கிடக்கும் பேட்டரியில் தொட்டுப் பார்ப்பேன். விர்ரென்று சுற்றும். வயரை மாற்றித் தொட்டால் எதிர்ப்பக்கம் சுற்றும். அரை நிமிட வேலை. அதையே காலையில், மோட்டார் கதவுக்குள் இருக்கும்போதே செய்திருந்தால் அவருடைய இரண்டாயிரமோ மூவாயிரமோ அவர் பையிலேயே இருந்திருக்கும். மாலை வரை தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. சுற்றுகிற மோட்டாரைத் துடைத்து அலமாரியில் வைத்தால், அடுத்து வருபவரிடம் "ஒரிஜினல் பீஸ் சார், ஓடாத வண்டியில கழட்டினது, புதுசு மாதிரி" என்று தள்ளிவிடலாம். புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய சாமான் தேடும் அலைச்சலும் மிச்சம். ஒருவர் காரிலிருந்து நல்ல மோட்டாரை எடுத்து, அதே குறை இருக்கும் இன்னொருவர் காரில் போட்டு, அங்கிருந்து எடுத்த நல்ல மோட்டாரை மூன்றாமவருக்கு விற்றிருக்கிறேன்.

இது எப்படி எடுபட்டது என்று புரிய வேண்டுமானால் கதவுக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

கதவின் உள்பக்க அட்டையை டோர் பேட் என்போம். அதைக் கழற்றி, பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை விலக்கினால் கண்ணாடியைத் தாங்கும் இரும்புச் சட்டம் தெரியும். ரெகுலேட்டர் என்று பெயர்; பட்டறைப் பேச்சில் மெஷின். அதில் ஓடும் மெல்லிய எஃகுக் கேபிளைச் சுருட்டி இழுப்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு மோட்டார். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பேக்கார்டு கார்களில் இதே வேலையை எண்ணெய் அழுத்தத்தால் செய்தார்கள். கதவுக்குள் எண்ணெய்க் குழாய்! அதோடு ஒப்பிட்டால் இந்த மோட்டார் ஒரு வரம். கார்பன் தேய்ந்தால் நிற்கும், தண்ணீர் புகுந்தால் துருப்பிடிக்கும். மற்றபடி அவ்வளவு லேசில் சாகாது.

மோட்டாருக்குப் போவது இரண்டே வயர். ஒன்றில் பாசிட்டிவும் மற்றதில் எர்த்தும் கொடுத்தால் கண்ணாடி ஏறும். மாற்றிக் கொடுத்தால் இறங்கும். சுவிட்சைத் தொடாதபோது இரண்டு வயரும் எர்த்தோடு சேர்ந்திருக்கும். அழுத்தும்போது ஒன்று மட்டும் பாசிட்டிவுக்கு மாறும், மற்றது இருந்த இடத்திலேயே இருக்கும். பின்கதவு மோட்டாருக்கு அந்த எர்த் பின்கதவிலேயே கிடைத்துவிடாது என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பெட்டி பார்த்துக்கொள்ளும் புது வண்டிகளை விட்டுவிடுங்கள். நம் தெருக்களில் ஓடும் பெரும்பாலான பழைய கார்களில், பின்கதவு வயர் அங்கிருக்கும் சுவிட்ச் வழியாக முன்னால் ஓடி, டிரைவர் கதவின் மெயின் சுவிட்சுக்குள் போய், அங்கேதான் எர்த்தைத் தொடும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டி தன் பக்கத்துச் சுவிட்சைத் தானே அழுத்தினாலும், டிரைவரின் முழங்கைக்கு அடியில் இருக்கும் சுவிட்ச் வரை மின்சாரம் போய்ச் சேர்ந்தால்தான் பாட்டி பக்கத்துக் கண்ணாடி நகரும். அந்த மெயின் சுவிட்சுக்குள் செப்புத் தகடு ஒன்று கருகியிருந்தால் போதும். பின்சுவிட்ச் நன்றாக இருக்கும், மோட்டாரும் நன்றாக இருக்கும், கண்ணாடி மட்டும் அசையாது.

இந்த இடத்தில்தான் மல்டிமீட்டர் எனக்குக் கூட்டாளியானது. டோர் பேடைக் கழற்றி, வண்டிக்காரரைப் பக்கத்தில் கூப்பிடுவேன். மீட்டரின் கறுப்பு முனையைக் கதவு இரும்பிலும் சிவப்பு முனையை மோட்டார் வயர் செருகும் கப்ளரிலும் வைத்து, சுவிட்சை அவரையே அழுத்தச் சொல்வேன். 12 சொச்சம் என்று எண் வரும். "பாத்தீங்களா சார், கரண்ட் வந்து நிக்குது. மோட்டார்தான் சுத்தல." அவர் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார், இனி என்ன கேட்பார்? போகிற வழியில் மின்சாரம் இருப்பதைத்தான் காட்டினேன். திரும்பி வருகிற வழி அறுந்திருப்பதை அந்த அளவை காட்டாது என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. திரையில் வந்த எண் பொய்யில்லை. அதை வைத்து நான் சொன்னதுதான் பொய்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பெரியவர் மீட்டரை அதிகம் தொடமாட்டார். பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு வயரைப் பற்றவைத்து வைத்திருந்தார். மோட்டார் கப்ளரைப் பிரித்து, பல்பின் வயர்களை அந்த இரண்டு துளையிலும் செருகி, சுவிட்சை ஏற்றவும் இறக்கவும் அழுத்துவார். 55 வாட் பல்பு நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கண்ணாடியைத் தூக்கும் மோட்டாருக்கும் கிட்டத்தட்ட அந்த அளவு வேண்டும். இரண்டு பக்கமும் பல்பு பளிச்சென்று எரிந்தால் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், வயர், எர்த் எல்லாம் சரி, மோட்டாரைக் கழற்றலாம். எரியவில்லை என்றாலோ மங்கினாலோ மோட்டாரில் கை வைக்கக் கூடாது. இழையெல்லாம் அறுந்து ஒற்றை இழையில் தொங்கும் வயரில்கூட மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். பல்பு காட்டாது, மங்கிப்போய் உண்மையைச் சொல்லிவிடும். அதேபோல் ஒரு பல்பை நானும் செய்து பட்டறையில் ஆணியில் மாட்டியிருந்தேன். அப்போதெல்லாம் இறக்குவதே இல்லை.

காசுக்காகத்தான் செய்தேன். ஆனால் ஆரம்பத்திலேயே அப்படி இல்லை. பட்டறை திறந்த புதிதில் ஒரு காரில் பாதி நாள் தேடி, கதவுக்கும் தூணுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழலுக்குள் அறுந்துகிடந்த வயரைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் மடங்கி நிமிரும். வருடக்கணக்கில் மடங்கினால் மேலே உறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்துபோகும். ஒட்டிச் சரிசெய்து கூலி கேட்டேன். "ஒரு வயரை ஒட்டினதுக்கா?" என்று கேட்டுவிட்டுப் பாதிக்கும் குறைவாகக் கொடுத்தார். கொஞ்ச நாளில் வேறொரு வண்டிக்கு மோட்டார் மாற்றினேன். அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தேன், கேட்ட தொகை அப்படியே வந்தது. அன்றைக்கு முடிவெடுத்துவிட்டேன்.

எழுதும்போதே தெரிகிறது, பேரம் பேசியவர் தலையில் பழியைத் தள்ளப் பார்க்கிறேன். அவர் ஒருவர்தான். நான் ஏமாற்றியவர்களில் அவர் இல்லை. வாசலிலேயே நின்று "தேடறதுக்குத் தனிக் கூலி" என்று சொல்லியிருக்கலாம், சிலர் ஒப்புக்கொண்டிருப்பார்கள், சிலர் வேறு கடை பார்த்துப் போயிருப்பார்கள். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வராததற்குக் காரணம் பணமும் இல்லை. "என்னன்னு தெரியல, பார்த்துத்தான் சொல்லணும்" என்று சொல்வது எனக்கு அவமானமாக இருந்தது. தெருமுனையில் என்னைப் பற்றி "அவரு வண்டியைப் பாத்த உடனே சொல்லிடுவாரு" என்று ஒரு பேர் பரவியிருந்தது. டீக்கடையில் என் காதுபடவே சொல்வார்கள். அந்தப் பேர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பார்த்தவுடனே சொல்ல வேண்டும் என்றால் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? மோட்டார் என்று சொன்னால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

அந்தப் பேரைக் காப்பாற்ற என்னென்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டிரைவர் கதவில் மற்ற கண்ணாடிகளைப் பூட்டும் ஒரு பட்டன் இருக்கும். குழந்தைகள் விளையாடாமல் இருக்க வைத்தது. அதை அழுத்திவிட்டால் மற்ற கதவுகளின் சுவிட்ச் எதுவும் வேலை செய்யாது. அது தெரியாமல், மூன்று கண்ணாடியும் ஒரே நாளில் செத்துப்போச்சு என்று ஒரு பெரியவர் பதறிக்கொண்டு வந்தார். வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். சாயங்காலம் பட்டனை விடுவித்து, "ரிலே பிரச்சனை, சரி பண்ணிட்டேன்" என்று காசு வாங்கினேன். ரிலே விலையும் சேர்த்து.

பேட்டரி மாற்றிய பிறகு ஒரே தொடலில் முழுதாக ஏறும் வசதி போய்விட்டது என்று இன்னொருவர் வந்தார். கை சிக்கினால் கண்ணாடி தானாகத் திரும்பி இறங்கும் அமைப்பு உள்ள கார்களில் இது சகஜம். 100 நியூட்டனுக்கு மேல், அதாவது ஏறக்குறைய பத்து கிலோ எடைக்கு மேல், அழுத்துவதற்குள் கண்ணாடி பின்வாங்கிவிட வேண்டும் என்பது ஐரோப்பிய, அமெரிக்க விதிகளின் கணக்கு. அப்படிப் பின்வாங்க, கண்ணாடியின் மேல் எல்லை எங்கே என்று கதவில் இருக்கும் மின்னணுப் பெட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் அது மறந்துவிடும். மறந்தபின் ஒரே தொடலில் ஏற்ற மறுப்பது நம் விரலைக் காப்பாற்றத்தான். கண்ணாடியை முழுதாக ஏற்றி, சுவிட்சை விடாமல் சில நொடி பிடித்திருந்தால் மறுபடி கற்றுக்கொள்ளும். வண்டியோடு வந்த கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். நான் அந்த மனிதரிடம் "மாட்யூல் புரோகிராம் பண்ணணும்" என்று சொன்னேன்.

கண்ணாடி மெதுவாக ஏறுகிறது, பாதியில் நின்று கொஞ்ச நேரம் கழித்துத் தானாகச் சரியாகிறது என்று வரும் வண்டிகள் வெயில் காலத்தில் அதிகம். கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்தில் தூசி அடைத்து, ரப்பர் காய்ந்து, கண்ணாடியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் முக்கி முனகிச் சூடாகும். உள்ளே இருக்கும் வெப்பக் காப்பு மின்சாரத்தை நிறுத்தும். ஆறியதும் விடும். துணியால் துடைத்து, சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தால் பல வண்டிகளில் அதோடு தீர்ந்துவிடும். கிரீஸோ இன்ஜின் ஆயிலோ போட்டால் ரப்பர் உப்பி, தூசியை இன்னும் சேர்க்கும். நான் மோட்டார் மாற்றினேன். புது மோட்டாருக்குத் தெம்பு அதிகம், சில மாதம் இழுக்கும். அதற்குள் வண்டிக்காரர் என்னை மெச்சிக்கொண்டு போயிருப்பார்.

2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று சொன்னபோது ஊரெல்லாம் உரித்தார்கள். சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சி பிளேடால் சுரண்டும் வேலை. அந்தத் தண்ணீர் கண்ணாடி வழியாக இறங்கிக் கதவுக்குள் போகும், கைப்பிடியில் இருக்கும் மெயின் சுவிட்சுக்குள்ளும் போகும். மறுநாள் என்னிடம் வருவார்கள். சுவிட்சைப் பிரித்து, பழைய டூத்பிரஷும் காண்டாக்ட் கிளீனரும் வைத்துத் தேய்த்தால் பல சுவிட்சுகள் பிழைத்துவிடும். எத்தனையைப் பிழைக்க விட்டேன் என்று கேட்காதீர்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகுதான் என் வாக்கியம் உண்மையானது. கதவுக்குள் சேறு குடியேறி, மோட்டார்கள் உள்ளே துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. பேட்டரியில் தொட்டால் முனகக்கூட இல்லை. முதல் தடவையாக மனசு உறுத்தாமல் "மோட்டார் போய்டுச்சு சார்" என்று சொன்னேன். "எல்லா மெக்கானிக்கும் இதையேதான்யா சொல்றீங்க" என்று ஒருவர் கத்திவிட்டு வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போனார். வேறு எங்கோ ஏற்கெனவே ஏமாந்தவராக இருக்க வேண்டும். என்னிடமே கூட இருக்கலாம்.

இனி பிடிபட்ட கதை. கால் டாக்ஸி ஓட்டும் ஒரு அண்ணன் பல வருடமாக என்னிடம்தான் வருவார். சொந்த வண்டி, கடனில் வாங்கியது. இடது பின்கண்ணாடி அடிக்கடி நிற்கும். சவாரி ஏறுகிறவர்கள் அந்தப் பக்கம்தான் உட்காருவார்கள். ஏசி போட்டாலும் கண்ணாடி இறங்கவில்லை என்றால் ஐந்து நட்சத்திரம் கிடைக்காது என்பார். ஒரு மோட்டார் போட்டேன். திரும்ப நின்றது. "டூப்ளிகேட் சரக்குண்ணா, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று சொல்லி அலமாரியிலிருந்து இன்னொன்றைப் போட்டேன், விலையில் கொஞ்சம் குறைத்து. குறைத்ததற்கு அவர் நன்றி சொன்னார். அந்தக் கண்ணாடி கதவு திறந்திருக்கும்போது வேலை செய்யும், மூடினால் நிற்கும். ரப்பர் குழலுக்குள் வயர் அறுந்து முனையோடு முனை உரசிக்கொண்டிருந்தது என்று ஐடிஐ முதல் வருட மாணவனுக்கே தெரியும். மோட்டாரை மாற்றும்போது கதவு திறந்தே இருக்கும், அதனால் சோதனையில் ஒவ்வொரு முறையும் ஏறும். கதவை மூடிப் பார்க்காமல் சாவியைக் கொடுத்தேன்.

என்னிடம் வேலை கற்றுவிட்டுத் தனியாகக் கடை போட்ட பையனிடம் ஒருநாள் அவர் போனார். நான் கடையில் இல்லாததால் போனதாகச் சொன்னார். பையன் குழலை உருவி, வயரைப் பார்த்து, சாலிடர் போட்டு, உறை மாட்டி அனுப்பியிருக்கிறான். ரெண்டு மோட்டார் போட்ட கதையை அண்ணனே அவனிடம் சொல்லியிருக்கிறார். "எங்க மாஸ்டர் இதைப் பார்க்காம விடமாட்டாரே" என்றானாம் பையன். அவன் என்னைக் காப்பாற்ற நினைத்துச் சொன்னது. அண்ணனுக்கு அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது.

நேராக வந்தார். சண்டைக்கு வரவில்லை. வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டு, "தெரிஞ்சேதான் போட்டியாப்பா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா, அப்ப வயர் நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் பையனிடம்தான் போகிறார். வழியில் பார்த்தால் ஹாரன் அடிப்பார், நிற்கமாட்டார். அவர் என்னை நம்பிவிட்டாரா என்பது எனக்குப் பெரிய விஷயமாக இல்லை. பையன் அதற்குப் பிறகு பட்டறைப் பக்கம் வரும்போது என் முகத்தைப் பார்த்துப் பேசாததுதான் குத்தியது. நான் கழற்றிய மோட்டார்கள் பேட்டரியில் சுற்றுவதைப் பார்த்து, அவற்றை அலமாரியில் அடுக்கியவன் அவன்தானே.

இது பிடிபட்டதால் வெட்கத்தோடு முடிந்தது. பிடிபடாத ஒன்றுதான் இதை எழுத உட்கார வைத்தது.

ஒரு பள்ளி ஆசிரியையின் கார். பவர் விண்டோ ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று வந்தார். பச்சை நிற ஃபியூஸ், 30 ஆம்பியர். புதிது போட்டால் சில நாள் ஓடும், மறுபடி போகும். ஃபியூஸ் தொடர்ந்து போனால் பெரும்பாலும் எங்கோ பாசிட்டிவ் வயர் இரும்பில் உரசுகிறது என்று அர்த்தம். எங்கே என்று தேட வேண்டும். அன்று சனிக்கிழமை, வாசலில் நாலைந்து வண்டி நின்றுகொண்டிருந்தது. தேடாமல், ஆரஞ்சு நிற 40 ஆம்பியர் ஃபியூஸைச் செருகி, "இனிமே போகாது மேடம், ஹெவி டியூட்டி" என்றேன்.

ஃபியூஸ் இருப்பது மோட்டாரைக் காப்பாற்ற என்று பலரும் நினைக்கிறார்கள். அது வயரைக் காப்பாற்றத்தான். வயர் தாங்கும் அளவு எவ்வளவோ அதற்குக் கீழே ஃபியூஸ் எரிந்துவிட வேண்டும். பெரிய ஃபியூஸ் போட்டால் எரிய வேண்டிய ஃபியூஸ் எரியாது, அதற்குப் பதிலாக வயர் எரியும். அந்த வயர் ரப்பர் குழல், கார்ப்பெட், சீட் பஞ்சு எல்லாவற்றுக்கும் பக்கத்தில் போகிறது. இதைப் பெரியவர் முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார். ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி முறுக்கிய ஒரு பையனை அவர் அறைந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

சில வாரம் கழித்து அந்த ஆசிரியை தன் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போது ரப்பர் கருகும் வாடை வந்திருக்கிறது. டிரைவர் கதவின் ஓரத்திலிருந்து புகை. ஓரம்கட்டி, சாவியை எடுத்து, வயதான அம்மாவைக் கீழே இறக்கி நிறுத்தியிருக்கிறார். சாவி எடுத்ததும் ரிலே விட்டு, மின்சாரம் நின்று, புகை அடங்கியது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. வண்டியை இழுத்துக்கொண்டு என்னிடமே வந்தார்கள். குழலுக்குள் வயர்க் கட்டு முழுதும் உருகி ஒன்றாக ஒட்டியிருந்தது. கப்ளர் பழுப்பேறியிருந்தது. 40 ஆம்பியர் ஃபியூஸ் மட்டும் ஒன்றும் ஆகாமல் இருந்தது.

"வயரிங் பழசாயிடுச்சு மேடம். நல்லவேளை, பெருசா எதுவும் ஆகல" என்றேன். புது வயர்க் கட்டு, கப்ளர், கூலி எல்லாவற்றுக்கும் பில் போட்டேன். என் தப்பால் எரிந்ததைச் சரிசெய்ய அவரிடமே காசு வாங்கினேன். ஆரஞ்சு ஃபியூஸை அவர் பார்ப்பதற்குள் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதன்பின் நான் மாறிவிட்டேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. பாதிதான் மாறினேன். 40 ஆம்பியர் வேலையை நிறுத்தினேன், பயத்தில். பல்பை ஆணியிலிருந்து இறக்கினேன். "தேடிப் பார்க்கத் தனிக் கூலி" என்று அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறேன். படித்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. "அதென்னப்பா பாக்கிறதுக்குக் காசு" என்று கேட்டுவிட்டு உட்கார்கிறவர்களும் உண்டு. ஆனால் கூட்டமான சனிக்கிழமைகளில் நாக்கு இப்போதும் பழைய வாக்கியத்துக்குத்தான் போகிறது. சொல்லிவிட்டு, பிறகு பல்பை எடுத்து வைத்துப் பார்த்து, "இல்ல சார், சுவிட்ச்தான்" என்று திருத்த வேண்டியிருக்கிறது. அப்படித் திருத்தும்போது வருகிறவர் முகத்தில் ஒரு அவநம்பிக்கை ஓடும். பார்த்தவுடனே சொல்கிறவன் என்ற பேர் போய்விட்டது. இழந்ததில் வருத்தம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

இதை எழுதி முடிக்கும் முன் ஆசிரியைக்கு போன் செய்தேன். அவர் அன்றைக்குப் பிறகும் என்னிடம்தான் வந்துகொண்டிருந்தார், வருடப்பிறப்புக்கு வாழ்த்துச் செய்தியெல்லாம் அனுப்புவார். "மேடம், அன்னைக்கு வயர் எரிஞ்சது பழசானதால இல்ல. நான் போட்ட ஃபியூஸால" என்றேன். என்ன ஃபியூஸ், எதற்குப் போட்டீர்கள், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று வரிசையாகக் கேட்டார், வகுப்பில் பையனைக் கேட்பது போல. சொன்னேன். "அந்த பில் தொகையை ஜிபேயில அனுப்பிடுங்க" என்றார். அனுப்பிவிட்டேன். போனை வைக்கும் முன் இன்னொன்று கேட்டார்.

"வேற எந்தெந்த வண்டிக்கு இப்படிப் போட்டிருக்கீங்க?"

"பாத்துச் சொல்றேன் மேடம்" என்றேன்.

பார்த்தேன். பழைய பில் புத்தகங்கள் பரணில் கிடந்தன. "பவர் விண்டோ வேலை" என்று எழுதி, பக்கத்தில் தொகை. பாதியில் வண்டி எண் இல்லை, பேர் இல்லை, என்ன மாற்றினேன் என்பது ஒன்றில்கூட இல்லை. ஞாபகத்தில் இருப்பவர்களுக்கு போன் செய்துகொண்டிருக்கிறேன். சிலர் வண்டியை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் யாரென்று அவர்களுக்கும் தெரியவில்லை.

ஆகவே தென்சென்னையில் ஏதோ ஒரு பட்டறையில் எப்போதோ கண்ணாடிக்கு ஃபியூஸ் மாற்றியவர்களும், அப்படி ஒரு காரைப் பழையதாக வாங்கியவர்களும் ஒரு காரியம் செய்யுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே வலது முழங்கால் பக்கம் ஒரு மூடி இருக்கும். சில வண்டிகளில் பானட்டுக்குள். மூடியின் உட்புறத்திலோ வண்டிக் கையேட்டிலோ எந்த இடத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று படம் போட்டிருக்கும். ஃபியூஸின் தலையில் எண் இருக்கும், எண் அழிந்திருந்தால் நிறம் சொல்லும்: மஞ்சள் 20, நிறமில்லாதது 25, பச்சை 30, ஆரஞ்சு 40. படத்தில் இருப்பதைவிடச் செருகியிருப்பது பெரிதாக இருந்தாலும், இரண்டு காலையும் சேர்த்துக் கம்பி சுற்றியிருந்தாலும், சாவியை எடுத்துவிட்டு அதைப் பிடுங்கிவிடுங்கள். கண்ணாடிகள் அத்தனையும் நிற்கும், சரியான ஃபியூஸ் கிடைக்கும்வரை நிற்கட்டும். புது ஃபியூஸும் எரிந்தால் இன்னொன்று போடாமல், உங்களுக்குப் பழக்கமான எலக்ட்ரீஷியனிடம் டிரைவர் கதவின் ரப்பர் குழலை முதலில் உருவிப் பார்க்கச் சொல்லுங்கள்.